ஏகமனதாக என்று எழுதாத கூட்டம்

வண்டியூர், மதுரை
4.2.2023

சீனி,

‘அன்புள்ள’ என்று தொடங்க இன்று மனம் வரவில்லை. போனில் உன்னைத் தடுத்து வைத்திருக்கிறேன். தடுப்பை எடுத்தால் கூப்பிட்டுக் கத்துவேன். அதனால்தான் தபால். கல்லூரி முடித்து முப்பத்திரண்டு வருஷம் கழித்து உனக்கு எழுதுகிற முதல் கடிதமே சண்டைக் கடிதமாகப் போய்விட்டது.

அந்த வீடியோ நாற்பத்தொரு விநாடி. வகுப்பில் நின்றுகொண்டு நான், “வேட்பாளர் பேரை வாசிக்கவே தெரியாதவருக்கு எதற்கு ஓட்டு?” என்று கேட்கிறேன். அத்தோடு வெட்டிவிட்டார்கள். முன்னால் என்ன பேசினேன், பின்னால் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு விவாதம் வைத்தேன். ஓட்டுரிமைக்குப் படிப்பு ஒரு தகுதியாக வேண்டுமா என்பது தலைப்பு. வேண்டும் என்று பேச ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. எதிர்ப்பக்கம் இல்லாமல் விவாதம் எப்படி நடக்கும்? அந்தப் பக்கத்தை நானே எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் என்னை மடக்க வேண்டும், அதுதான் பாடம். மடக்கவும் செய்தார்கள். அது வீடியோவில் இல்லை.

இப்போது நான் ஏழைகளின் ஓட்டைப் பறிக்கச் சொன்ன டீச்சர். தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கப் போனால் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். விசாரணை முடியும்வரை வகுப்பெடுக்கக் கூடாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் ஸ்ரீநாத்தோடு தினமும் சௌராஷ்டிர பாஷையில் ஒரு சண்டை. ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு என்கிறார்.

இவர்கள் எல்லாம் இருக்கட்டும். நீ யார்? தொண்ணூறாம் வருஷப் போட்டியில் எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டு எடுத்து, நமக்குப் பிடிக்காத பக்கமே வந்து, அதையே பேசிக் கோப்பை வாங்கினோமே, அந்த மேடையில் என் பக்கத்தில் நின்றவள். எண்பத்து மூன்று பேர் இருக்கிற நம் பழைய மாணவிகள் குழுவில் நீ எழுதுகிறாய்: ‘என்னை ஊராட்சித் தலைவராக்கியதில் பாதிக்கு மேல் கைநாட்டுச் சனம். தேவிகா இப்படிப் பேசுவாள் என்று நினைக்கவில்லை.’

என்னடி நடந்தது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்க உனக்கு இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லையா?

தேவிகா


நெடுவாகைப்பட்டி,
டி. கல்லுப்பட்டி வழி
13.2.2023

தேவிகா,

கேட்டிருக்க வேண்டும். என் தப்புதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சண்டையாகவே எழுதுகிறேன், நீ தொடங்கியதுதானே.

அந்த வீடியோவை நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. வார்டு உறுப்பினர் காளை போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். சுற்றிலும் மண்வெட்டியோடு நாற்பது பெண்கள். “தலைவரம்மா, இது உங்க கூட்டாளிதான? நமக்கெல்லாம் ஓட்டு எதுக்குங்குது பாருங்க” என்றான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு அம்மா, “ஏந்தாயி, இனிமே எங்க ஓட்டு செல்லாதாமா?” என்று நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டது. அதனிடம் நான் என்ன சொல்ல? அது விவாதம், சும்மா ஒரு பக்கம் எடுத்துப் பேசுவது என்று சொல்லலாம். சும்மா பேச எங்க ஓட்டுதான் கெடச்சுச்சா என்று கேட்டால்?

அன்று நாம் சீட்டு எடுத்தபோது எந்தப் பக்கம் வந்தாலும் நம்மிடமிருந்து எதுவும் போகாது. தோற்றிருந்தாலும் ஹாஸ்டலுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்போம். இங்கே பேச்சில் தோற்றவரும் ஜெயித்தவரும் மறுநாள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஊர்க்கூட்டம் என்றால் கோயில் வாசலில் நாலு பேர் உட்காருவார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். காலனி ஆட்கள் அதற்கும் அப்பால். நாலு பேர் சொன்னது ஊர் முடிவு. எதிர்த்துப் பேசினால் மரியாதை தெரியாதவன். இன்று கிராமசபைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், நடத்துவது ஒரு பெண். போன மாதம் குடியரசு தினக் கூட்டத்தில் பத்துத் தீர்மானம். பத்தும் ஏகமனதாக நிறைவேறியது. அரை மணி நேரம்தான், ஒரு சத்தம் இல்லை. உன் பாடப் புத்தகத்து ஜனநாயகத்துக்கு இது குறைச்சல் இல்லை.

விசாரணையில் என்ன கேட்டார்கள் என்று எழுது. போனில் போட்ட தடுப்பை எடுக்க வேண்டாம். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியவில்லை. அது எனக்கு வசதியாக இருக்கிறது.

சீனியம்மாள்


வண்டியூர்
27.2.2023

சீனி,

குறுக்கே பேசுகிறவள் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் கடிதத்தை மேசையில் எறிந்துவிட்டேன். மறுநாள் சரண்யாதேவி என் வீட்டுக்கு வந்தாள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிக்கிற பெண். அன்று லீவு போட்ட ஒரு தோழிக்காக முழு வகுப்பையும் போனில் பதிவு செய்து வகுப்புக் குழுவில் போட்டிருக்கிறாள். வெட்டிப் பரப்பியது யாரோ. அவளுக்கே தெரியாது. அழுதுகொண்டே, “முழுசும் இருக்கு மேம். இதக் குடுத்தா உங்க மேல தப்பில்லன்னு தெரிஞ்சுரும்ல?” என்றாள். எனக்கு உயிர் வந்தது. காபி போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன்.

நாற்பத்தெட்டு நிமிஷம். பிள்ளைகள் என்னை மடக்கினார்கள் என்று உனக்கு எழுதினேனே, அது பொய். பொய் என்று தெரியாமலே எழுதிய பொய். முப்பத்தொன்பது நிமிஷம் நான்தான் பேசுகிறேன். அதுவும் எவ்வளவு உற்சாகமாக! மூன்று பேர் பதில் சொல்ல எழுந்தார்கள். மூன்று பேரையும் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். மூன்றாவது சரண்யாதேவி. “எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது மேம். ஆனா அவங்க ஓட்டுப் போடுறதுக்கு முந்தி...” என்று தொடங்குகிறாள். “சொந்தக் கதை வேண்டாம், பாயிண்டாகப் பேசு” என்கிறேன். வகுப்பு சிரிக்கிறது. பெஞ்சு இழுபடுகிற சத்தம். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

இதை நான் கேட்கும்போது அவள் எதிரே டம்ளரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்று என்னம்மா சொல்ல வந்தாய்?”

“மறந்துருச்சு மேம்.”

மறக்கவில்லை, சீனி. என்னிடம் சொல்ல அவளுக்கு மனமில்லை.

இருபத்தாறு வருஷமாக ஜனநாயகம் பாடம் எடுக்கிறேன். பழைய ஏதென்ஸில் சதுக்கத்தில் கூடிப் பேசினார்கள், ஆனால் பெண்களும் அடிமைகளும் அங்கே கிடையாது என்று ஒவ்வொரு ஜூலையிலும் சொல்வேன். வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றிப் பேசத் தெரிந்தது. உள்ளே உட்கார்ந்தும் வாய் திறக்க முடியாதவர்கள் என் வகுப்பிலேயே இருந்தது தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. பத்துத் தீர்மானம், அரை மணி நேரம், ஒரு சத்தம் இல்லை என்று எழுதியிருந்தாய். உன் கூட்டத்தில் பேச எழுந்தவர் யாருமே இல்லையா?

தேவிகா


நெடுவாகைப்பட்டி
25.3.2023

தேவிகா,

உன் கேள்விக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுந்தவர் இருந்தார். உட்கார வைத்தது நான்.

எங்கள் ஊர் இரண்டு துண்டு. ராஜபாளையம் ரோட்டுக்கு மேற்கே ஊர், கிழக்கே காலனி. ரேஷன் கடை மேற்கே இருக்கிறது. காலனிப் பெண்கள் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த ரோட்டைத் தாண்ட வேண்டும். போன கார்த்திகையில் அழகம்மாள் என்கிற பெண்ணை பைக் ஒன்று அடித்துப்போட்டு, இன்னும் அவள் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். கடைக்குப் புதுக் கட்டடம் வருகிறது, அதைக் கிழக்கே கட்டுங்கள் என்று அவளுடைய அக்கா இருளாயி, காலனி முழுக்கக் கையெழுத்து வாங்கி மனு கொடுத்திருந்தாள்.

குடியரசு தினத்துக்கு முந்தின நாளே என் வீட்டுக்காரர் முத்துக்குமரன் தீர்மான நோட்டை எழுதி வைத்துவிட்டார். கட்டடம் மேற்கே, கோயில் பக்கத்தில். மனுவைப் பற்றி ஒரு வரி கிடையாது. (தலைவர் வேலையை அவர் ஏன் பார்க்கிறார் என்று கேட்காதே. தேர்தல் போஸ்டரிலேயே அவர் படம்தான் பெரிது.) தீர்மானத்துக்கு வேண்டிய கையெழுத்துகளைக் கூட்டத்துக்கு முன்பே, நூறு நாள் வேலை நடந்த இடத்தில் வாங்கியாயிற்று. கூட்டத்தில் நான் தலைப்புகளை மட்டும் வாசித்தேன். இருளாயி எழுந்து, “கையெழுத்துப் போட்டோம்ல, அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க. கேட்டுக்கிறோம்” என்றாள். “அதிகாரி அடுத்த ஊருக்குப் போகணும். அடுத்த கூட்டத்துல பாப்போம்” என்றேன். உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சு சத்தம்கூட இல்லை, அவள் உட்கார்ந்திருந்தது தரையில்.

வாசித்தால் மட்டும் அவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்று முத்துக்குமரன் முந்தின நாள் சொன்னபோது நான் பேசாமல்தான் இருந்தேன். நீ வகுப்பில் பேச்சுக்குச் சொன்னதை நான் இங்கே நிஜமாகவே செய்திருக்கிறேன். குழுவில் உன்னைக் குத்தி எழுதியபோது இது எனக்கு உறைக்கவே இல்லை.

அதனால் இந்த 22ஆம் தேதிக் கூட்டத்துக்கு நோட்டை எழுதாமலே எடுத்துப் போனேன். பழைய தீர்மானத்தை வாசித்தேன். மனுவையும் வாசித்து, மறுபடி பேசலாம் என்றேன். முத்துக்குமரனின் அண்ணன் சின்னச்சாமி எழுந்தார். மேற்கே அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. “முடிஞ்சு போனதக் கெளறுனா அப்புறம் கூட்டம் எதுக்கு, தீர்மானம் எதுக்கு?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். பின்னாலேயே மேற்கு ஆட்கள். எங்கள் ஊராட்சிக்கு நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். மிச்சம் அறுபத்து மூன்று பேர். கூட்டம் ரத்து.

மூன்று நாளாக முத்துக்குமரன் என்னோடு பேசவில்லை. பேச விடவில்லை என்றால் தப்பு. பேச விட்டால் கூட்டமே இல்லை. இதற்கு உன் புத்தகத்தில் ஏதாவது இருக்கிறதா?

சீனி


வண்டியூர்
9.4.2023

அன்புள்ள சீனி,

என் புத்தகங்களிலிருந்து உனக்கு மூன்று பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் மறுபடியும் நானே பேசிக்கொண்டிருக்கிறேன். கிழித்துவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம். ஊராட்சி விதிகளைத் தேடிப் படித்தேன். கிராமசபையை எப்போதும் ஒரே இடத்தில் நடத்தக் கூடாது, ஊராட்சியின் எல்லாப் பகுதிகளிலும் மாற்றி மாற்றி நடத்த வேண்டும் என்கிறது. உங்கள் ஊரில் ரோட்டுக்குக் கிழக்கே எப்போதாவது நடந்திருக்கிறதா? மேற்கு ஆட்கள் வர மாட்டார்கள் என்பாய். வராமலும் போகலாம். எனக்குத் தெரியாது. இந்த வயதில் ‘தெரியாது’ என்று எழுதுவது புதிதாக இருக்கிறது.

சின்னச்சாமி மேல் எனக்கு உன் அளவுக்குக் கோபம் வரவில்லை. முடிந்ததை ஏன் மறுபடி எடுக்கிறாய் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. போன தடவை அது முடிந்த விதம் சரியில்லை என்று நீ அவரிடம் சொன்னாயா? தப்பு உன்னுடையது என்று சொன்னாயா?

என் கதை இது. ஸ்ரீநாத் ஒரு மன்னிப்புக் கடிதம் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். ‘என் பேச்சு யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்.’ கையெழுத்துப் போட்டால் அன்றோடு முடியும். போடவில்லை. நானே ஒன்று எழுதினேன். அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நான் வருந்தவில்லை, வகுப்பறையில் எந்தக் கேள்வியும் கேட்கப்படலாம். பதில் சொல்ல எழுந்த மூன்று மாணவிகளை உட்கார வைத்தேன், அதற்கு வருந்துகிறேன். முழுப் பதிவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

“உன்னைக் காப்பாத்திக்கக் கொடுக்கச் சொன்னா, கேக்காத குத்தத்தையும் ஒத்துக்கிட்டு வந்திருக்கியே!” என்று ஸ்ரீநாத் தலையில் கை வைத்துக்கொண்டார். முடிவு தெரியவில்லை. வேலை போனாலும் போகலாம்.

ஆனால் இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நேற்று தெப்பக்குளத்தை இரண்டு சுற்று சுற்றினேன். யார் பார்த்தார்கள் என்று கவனிக்கவில்லை.

தேவிகா


நெடுவாகைப்பட்டி
3.5.2023

அன்புள்ள தேவிகா,

மே ஒன்றாம் தேதிக் கூட்டம் நடந்துவிட்டது. கிழக்கே, காலனிச் சமுதாயக்கூடத்தில். உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு வாரம் முன்னால் மூத்தார் சின்னச்சாமி வீட்டுக்குப் போனேன். “மச்சான், போன தீர்மானத்த வாசிக்காமலே கையெழுத்து வாங்குனேன். அது எந்தப்பு. உங்க தப்பில்ல” என்றேன். அவர் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். திரும்பியே பார்க்கவில்லை. சரி, வர மாட்டார் என்று வந்துவிட்டேன்.

அன்று பதினொரு மணிக்கு எழுபத்தெட்டுப் பேர். பன்னிரண்டுக்கு எண்பத்தாறு. ஒன்றியத்து அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கிறார். ரத்து என்று எழுதச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது ரோட்டின் அந்தப் பக்கம் மூத்தார் நிற்கிறார், கூட இருபது பேர். தாண்ட முடியவில்லை. லாரியும் பஸ்ஸுமாக வந்துகொண்டே இருக்கிறது. ஒரு காலை எடுத்து வைக்கிறார்கள், பின்னால் போகிறார்கள். ஐந்து நிமிஷம் ஆனது. நாங்கள் எல்லாரும் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வாங்க மச்சான்” என்றேன்.

“ஒனக்காக வரல தாயி. நாங்க இல்லாட்டி நீங்களா எதையாச்சும் எழுதிக்கிருவீக. அதுக்குத்தான் வந்தோம்.”

எண்ணினால் நூற்றியேழு. எதிர்க்க வந்தவர்களால்தான் கூட்டம் செல்லுபடியானது, தேவிகா.

காலனிப் பெண்கள் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். மூத்தார் டம்ளரை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார். “மேக்க நானூத்திப் பத்து கார்டு. இங்க நூத்தி நாப்பது. எது பெருசு? ஜனநாயகம்னா அதிகம் பேரு சொல்றதுதான? படிச்சவுக சொல்லுங்க.” நான் என்ன சொல்வேன்? நாம் படித்தபோதும் அப்படித்தானே படித்தோம். கோயில் பக்கத்து இடத்தை அவர் அப்பா கொடுத்தது, கடை முதலில் வந்த வருஷம், பழைய தலைவர்கள் கதை என்று இருபது நிமிஷம் பேசினார். காலனி இளவட்டங்கள் முனக ஆரம்பித்தார்கள். தொண்டை வறண்டு குனிந்து அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். குடித்ததை யாரும் பார்க்காத மாதிரி எல்லாரும் பார்த்தோம். குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

“இங்கிட்டுக் கடைய வச்சா எங்க வீட்டுப் பொம்பளைக அம்புட்டு அரிசியத் தூக்கிக்கிட்டு இந்த ரோட்டத் தாண்டணுமா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

கேட்டுவிட்டு அப்படியே நின்றார். இருளாயி எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்: “அதத்தாண்ணே நாங்க மனுவுல எழுதியிருக்கோம்.”

அய்யா என்று சொல்லவில்லை. அண்ணே என்றாள்.

அதற்கப்புறம் பேச்சு வேறு மாதிரி போனது. யார் ரோட்டைத் தாண்டுவது என்பதை விட்டுவிட்டு, யாருமே தாண்டாமல் என்ன செய்யலாம் என்று பேசினோம். கட்டடம் மேற்கேயே இருக்கட்டும், வாரத்தில் இரண்டு நாள் சமுதாயக்கூடத்தில் பகுதி நேரக் கடை போடக் கேட்போம் என்று முடிவானது. கிளார்க்கு பழக்க தோஷத்தில் ‘ஏகமனதாக’ என்று எழுதிவிட்டார். மூத்தார் எட்டிப் பார்த்து, “நான் எங்க சம்மதிச்சேன்? ஒரே ஆளு ரெண்டு பக்கம் எடை போட்டா ரெண்டு பக்கமும் லேட்டாகும். அடிச்சுட்டு எழுதுங்க” என்றார். எழுதினோம். ஆதரவு எண்பத்தெட்டு, எதிர்ப்பு பத்தொன்பது, காரணம் இன்னது. கண்ணாடி போட்டு வாசித்து, தன் பேரில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். இருபது வருஷத்து நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். எதிர்ப்பு என்ற சொல் எதிலும் இல்லை.

முன்பெல்லாம் ஜனநாயகம் என்றால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை விரலில் மை என்று நினைத்தேன். தலைவரானதும் அது என் நாற்காலி என்று நினைத்தேன். இப்போது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் திங்கட்கிழமை அதைப் பார்த்தேன்.

சீனி


வண்டியூர்
25.6.2023

அன்புள்ள சீனி,

உன் கடிதத்தை ஸ்ரீநாத்துக்கு வாசித்துக் காட்டினேன். இருளாயி சொன்ன இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னார்.

விசாரணைக் குழு முழுப் பதிவையும் கேட்டது. எச்சரிக்கைக் குறிப்பு ஒன்று கொடுத்து, வகுப்புக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். குழுவில் இருந்த ஒருவர் வெளியே வந்து, “மேடம், என் வகுப்பை யாராவது பதிவு செய்தால் நான் எத்தனை நிமிஷம் பேசியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

அதே பிள்ளைகள் இப்போது மூன்றாம் ஆண்டு. முதல் நாளே அதே தலைப்பை எடுத்தேன். இந்தத் தடவை நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். முதல் பத்து நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் சரண்யாதேவி எழுந்தாள். என்னைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துப் பேசினாள்.

“எங்க அம்மா ஓட்டுப் போடுறதுக்கு முந்தின நாள் நாலு வீட்டுக்குப் போகும். யாரு என்ன செஞ்சாக, சாக்கடை யாரு கட்டுனான்னு பேசிட்டு, சண்டை போட்டுட்டு வரும். அப்புறந்தான் போடும். எனக்கு நல்லா வாசிக்கத் தெரியும். நான் போன்ல வந்த ரெண்டு வீடியோவப் பாத்துட்டு, யாருகிட்டயும் கேக்காமப் போய்ப் போட்டேன். எங்க ரெண்டு பேர்ல யாரு ஓட்ட எடுக்கணும் மேம்?”

இதைத்தான் ஜனவரியில் சொந்தக் கதை வேண்டாம் என்றேன்.

அதோடு முடியவில்லை. ரம்யாஸ்ரீ என்ற பெண் எழுந்து, “நாலு வீட்டில் சொல்வதும் நாலு பொய்யாக இருந்தால்?” என்றாள். இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் முழுசாகப் பேச விட்டு மோதிக்கொண்டார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் நிற்கிறார். அவருக்கும் உட்கார இடம் கொடுத்தேன்.

தேவிகா


நெடுவாகைப்பட்டி
18.8.2023

அன்புள்ள தேவிகா,

பகுதி நேரக் கடைக்கு உத்தரவு வந்து, ஆடி மாதமே தொடங்கிவிட்டோம். செவ்வாயும் வெள்ளியும். மூத்தார் சொன்ன மாதிரியே முதல் வாரம் இரண்டு பக்கமும் லேட். “நான் அன்னைக்கே சொன்னேன், நோட்டுல இருக்கு” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நோட்டில் இருப்பதால் கூட்டுறவு அதிகாரியிடம் அதையே காட்டி, எடை போட இன்னொரு ஆளைக் கேட்டு வாங்கினோம்.

சுதந்திர தினக் கூட்டம் மேற்கே நடந்தது. அழகம்மாள் வந்திருந்தாள். கம்பை ஊன்றி, தானே ரோட்டைத் தாண்டி. பேச இருக்கிறது என்றாள். ரேஷன் கடைக்கு நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

“தலைவரம்மா பக்கத்துல அவுக வீட்டுக்காரருக்கு எதுக்கு நாற்காலி? அவரு என்ன மெம்பரா? வாக்காளர்னா எங்ககூடக் கீழ ஒக்காரட்டும்.”

முதலில் சிரித்தது யார் தெரியுமா, மூத்தார். முத்துக்குமரன் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று எதிர்பார்த்தார். சமாளிக்க எனக்கு நன்றாகவே தெரியும், இரண்டு வார்த்தை போதும். கிளார்க்கிடமிருந்து நோட்டை வாங்கி அந்தக் கேள்வியை என் கையாலேயே எழுதினேன். எழுதி, சத்தமாக வாசித்தேன். முத்துக்குமரன் எழுந்து, நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கூட்டத்தோடு தரையில் போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும், “எழுதாம விட்டிருக்கலாம்ல?” என்றார்.

“வாசிச்சாச்சே.”

மறுநாள் காலையில் ஊராட்சி போன் அடித்தது. மூன்றரை வருஷமாக அதை எடுப்பது அவர்தான். அடிக்க அடிக்க எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து என் கையில் கொடுத்தார். “தலைவருக்குப் போன்” என்றார். முகம் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. பரவாயில்லை.

தீர்மான நகல் இதோடு வைத்திருக்கிறேன். நான்காவதைப் பார். இனி ஒருவர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது. மூத்தாரை மனதில் வைத்து இளவட்டங்கள் கொண்டுவந்தது. நானும் ஆதரவு.

அக்டோபர் 2 கூட்டத்துக்கு நீ வா.

சீனி


வண்டியூர்
24.9.2023

அன்புள்ள சீனி,

போனில் தடுப்பை எடுத்துவிட்டேன். இருந்தாலும் இதைத் தபாலில்தான் போடுகிறேன், நீ முழுசாக வாசிக்க வேண்டும்.

இரண்டாம் தேதி வருகிறேன். சரண்யாதேவி, ரம்யாஸ்ரீ, இன்னும் ஒன்பது பேர் வருகிறார்கள். வெளியூர்க்காரர்கள் கூட்டத்தில் பேச முடியாது, பார்க்கலாம், கேட்கலாம் என்று சொல்லிக் கூட்டி வருகிறேன். சமையல் எதுவும் வைக்காதே. ஸ்ரீநாத் பதினைந்து பேருக்குப் புளியோதரை கட்டித் தருகிறேன் என்கிறார்.

உன் நான்காவது தீர்மானத்துக்கு நான் எதிர்ப்பு. சின்னச்சாமி மே மாதம் இருபது நிமிஷம் பேசினார். அந்த ரோட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது கடைசி நிமிஷத்தில். ஐந்தாவது நிமிஷத்தில் மணி அடித்து உட்கார வைத்திருந்தால் உங்களுக்குக் கிடைத்திருப்பது அவருடைய அப்பா கதை மட்டும்தான். நீ வேறு மாதிரி நினைப்பாய் என்று தெரியும். காரணமும் வைத்திருப்பாய்.

கூட்டம் பதினொரு மணிக்குத்தானே? நாங்கள் ஏழு மணி பஸ் ஏறிவிடுவோம். நீயும் நானும் சண்டை போட ஒரு மணி நேரமாவது கிடைக்கும்.

தேவிகா